வலி போனால் போதுமா, ஸார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூர், ஆவடி பக்கம் போய்ப் பாருங்கள். ஒரே கிரவுண்டில் நாலு மேட்ச் நடக்கும். வாரம் பூரா நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஞாயிறு மட்டும் ஜான்ட்டி ரோட்ஸ் ஆகிவிடும் ஆசாமிகள்! திங்கட்கிழமை அவர்களில் ஒருத்தர் ஆபீஸ் மாடிப்படியில் 'அம்மாடி' என்பார். 'சுளுக்கு எடுத்துடுப்பா', 'புத்தூர் கட்டு போடு' என்று ஆளுக்கொரு யோசனை. கடைசியில்தான் பிசியோதெரபிஸ்ட் ஞாபகம் வரும்.

அங்கே என்ன நடக்கும்? முட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன்.

போனதும் படுக்க வைத்து 'கரன்ட்' கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஊஹூம்! முதலில் கேள்விகள்தான். அடிபட்டது திரும்பும்போதா, குதிக்கும்போதா? 'டப்'பென்று சத்தம் கேட்டதா? உடனே வீங்கியதா, மறுநாளா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். சத்தத்தோடு சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால், உள்ளே 'ஏ.சி.எல்.' என்கிற ஜவ்வு கிழிந்திருக்கலாம். அப்படியென்றால் எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து பரிசோதனை. அரை டிராயர் எடுத்துப் போவது உத்தமம். ஆபீஸ் பேன்ட் முட்டிக்கு மேல் ஏறாது! முதலில் என் நல்ல காலைத் தொட்டார்.

''மேடம், வலி அந்தக் கால்லங்க...''

''தெரியும் ஸார். உங்களுக்கு அளவுகோலே இந்தக் கால்தான்!''

இரண்டு முட்டியும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்தார். முட்டிக்குக் கீழே பிடித்து முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் என்றார்.

டிகிரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவ மையத்தை, சந்தேகத்துக்குரிய பவுலிங்கைச் சோதிக்க 2014-ல் ஐ.சி.சி. அங்கீகரித்தது. அங்கேயும் டிகிரிக் கணக்குதான். பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் ஆக்ஷன் செல்லாது!

கரன்ட், ஐஸ் எல்லாம் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு என்பது வீட்டுப்பாடம். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். காலை மடக்காமல் தூக்க வேண்டும். அடிபட்ட காலில் தொடைத் தசை சீக்கிரம் இளைத்துவிடும். அதை மீட்கத்தான் இத்தனையும்.

வினையே இங்கேதான். பத்து நாளில் வலி குறையும். நம்மாள் பேட்டைத் தூக்கிவிடுவார்! வலி போவது வேறு, பலம் வருவது வேறு. ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர்களை ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்கிறார்கள். அப்போதும் அடிபட்ட கால், நல்ல காலின் பலத்தில் 90 சதவிகிதமாவது எட்ட வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி கிழியலாம். அப்புறம் மேட்ச் மட்டுமா போகும்? ஓடிப்போய் பஸ் ஏறுவது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது எல்லாமே கஷ்டம்.

நம்ம லக்ஷ்மிபதி பாலாஜி, 2005-க்குப் பிறகு முதுகெலும்பு விரிசலால் வருஷக்கணக்கில் தவித்தார். ஆக்ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2008 மே 10-ம் தேதி, சேப்பாக்கத்தில், ஐ.பி.எல்-லின் முதல் ஹாட்ரிக் அவருடையது!

இந்தியாவுக்கு ஆடியவரே பொறுத்திருந்தார். டென்னிஸ் பால் மேட்ச்சுக்கு நமக்கென்ன ஸார் அவசரம்?