யப்பானிய உணவும் இணையவழி விநியோகமும்

சமைத்த உணவை உண்பவர் இருக்குமிடத்துக்குக் கொண்டுசெல்லுதல் நமக்குப் புதியதன்று. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயல்களுக்குச் சென்ற உழவர் கட்டுச்சோற்றுடனேயே வாவியைக் கடந்தனர். உண்பவர் சமைப்பவரைக் காணாமலே கைத்தொலைபேசியில் உணவைத் தெரிந்து, விலையையும் செலுத்தி, வீட்டு வாயிலிற் பெற்றுக்கொள்வதே புதியது. இத்தொழிலில் இறங்க எண்ணும் நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு, யப்பானிய உணவகமொன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் நெறிகளை ஈண்டு விளக்குவாம். பச்சை மீனும் வினாகிரிச் சோறும் பரிமாறும் அவ்வுணவகத்துக்கு விநியோகம் கடினமான சோதனை. அதிலே தேறியவர்க்கு ஏனைய உணவுகள் எளியனவாகும்.

யப்பானியர் இத்துறையிற் பழக்கமுடையோர். எடோக் காலத்திலேயே (1603–1868) கடைகள் உணவை வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் அங்கு நிலவிற்று. அதனை ‘தெமாயெ’ என்பர். கைப்பிடியுள்ள மரப்பெட்டியில் கிண்ணங்களை அடுக்கி ஏவலாளர் கொண்டுசென்றனர். உண்டபின் வெறுங்கிண்ணங்களை மீட்டுவந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின், சாறு சிந்தாதவாறு மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டியைத் தொங்கவிடும் பொறியும் தோன்றிற்று. 2000ஆம் ஆண்டிலே ‘தெமாயெக்கான்’ என்னும் இணையச் சேவை இவ்வழக்கத்துக்குப் புதுவடிவம் தந்தது.

இலங்கையில் யப்பானிய உணவுக்கு நற்பெயர் ஈட்டியது கொழும்பிலுள்ள ‘நிஹொன்பாஷி’ உணவகம். யப்பானியத் தாய்க்கும் இலங்கைத் தந்தைக்கும் டோக்கியோவிற் பிறந்த தர்ஷன் முனிதாச அதனை 1995இல் நிறுவினார். வாடகை வண்டிச் சேவையாக 2015இல் தோன்றிய ‘பிக்மீ’ பின்னர் உணவு விநியோகத்திலும் இறங்கிற்று. ‘ஊபர் ஈட்ஸ்’ 2018இல் கொழும்புக்கு வந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, வீட்டு வாயிலிற் பொருள் பெறும் முறையின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

இனி, செய்ய வேண்டியவற்றை நோக்குவாம். முதலாவது, வழிப்பயணத்தைத் தாங்கும் உணவுகளைத் தெரிதல். உணவகத்தின் முழுப்பட்டியலையும் இணையத்தில் ஏற்றுதல் தவறு. மாவில் தோய்த்துப் பொரித்த ‘தெம்புரா’ மூடிய பெட்டிக்குள் தன் நீராவியாலேயே நனைந்து தளர்ந்துவிடும். ஆவி வெளியேறத் துளையுள்ள பெட்டி அதற்கு வேண்டும். ‘ராமென்’ இழைகள் சாற்றில் ஊறிப் பருத்துவிடுமாதலின், சாற்றையும் இழைகளையும் தனித்தனியே கட்டுதல் வேண்டும். பெட்டிகளைத் தெரியும்போது சட்டத்தையும் நோக்குக: நுரைப்பிளாத்திக்கு உணவுப்பெட்டிகள் நம் நாட்டில் 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன.

‘சுஷி’ இவை எல்லாவற்றினும் கடினமானது. அதன் சோற்றிற் கலக்கும் வினாகிரி சுவைக்கு மட்டும் உரியதன்று. அதன் அமிலத்தன்மை நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுக்கிறது. அச்சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மாப்பொருள் இறுகி உண்ணத் தகாததாகும். பச்சை மீனையோ 5 பாகை செல்சியசுக்கு மேற்படாது வைத்தல் வேண்டும். ஒரே பெட்டியில் இரு வேறு வெப்பநிலைகள் வேண்டப்படுதலே இங்குள்ள இடர். ஆகவே, மீனைப் பனிக்கட்டியுடன் தனியே கட்டுதல், அன்றேல் மிக அண்மையிலுள்ளோர்க்கு மட்டும் அனுப்புதல், அன்றேல் சமைத்த இறால், முட்டை, மரக்கறி கொண்டே சுஷி செய்தல் என்னும் மூன்றினுள் ஒன்றைக் கொள்ள வேண்டும்.

நம் வாவியிற் பிடிக்கும் மீனைப் பச்சையாகப் பரிமாறுதல் கூடாது. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் மீன்களில் மனிதர்க்குத் தீங்கிழைக்கும் ஒட்டுண்ணிகள் இருத்தல் கூடும். பச்சையாக உண்ணும் மீனைச் சைபருக்குக் கீழ் 20 பாகையில் ஏழு நாள் உறையவைத்தல் அமெரிக்க உணவுத்துறை கூறும் முறைகளுள் ஒன்று. சூரை மீன் வெப்பத்திற் கிடந்தால் அதில் உண்டாகும் ‘இசுற்றமின்’ என்னும் பொருள் சமைத்தாலும் அழியாது. வாவி இறாலும் நண்டும் நன்கு வேகவைத்தும் பொரித்தும் பரிமாறத்தக்கன; அவற்றால் நம் மீனவர்க்கும் வருவாய் உண்டாகும்.

இரண்டாவது, உணவுப்பட்டியலை உண்மையாக எழுதுதல். உணவகத்தில் அமர்ந்திருப்பவர் ஐயம் எழுந்தாற் பரிமாறுபவரைக் கேட்பார். வீட்டிலிருப்பவர்க்கு எழுத்தே துணை. யப்பானியச் சாறுகளுக்கு அடிப்படையான ‘தாஷி’ பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. அது நம் மாசிக் கருவாட்டுக்கு உறவானது. ஆதலின், மரக்கறி மட்டும் மிதக்கக் காணப்படும் ‘மிசோ’ சாறும் மச்சமாகலாம். வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் வீட்டுக்கு அதனைச் சைவமென்று அனுப்புதல் பெரும்பிழை. கடற்பாசியும் காளானும் கொண்டு தாஷி செய்தால் மட்டுமே சைவமென எழுதலாம். அவ்வாறே ‘மிரின்’ என்னும் இனிப்புச் சேர்மானத்தில் மதுசாரம் உண்டு; காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள முஸ்லிம் அன்பர்க்கு இதனை அறிவித்தல் கடமை.

மூன்றாவது, கணக்கு. இணைய நிறுவனங்கள் விலையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை தரகாகப் பெறுதல் உலக வழக்கு. ரூபா 2000 விலையுள்ள உணவொன்றுக்கு மூலப்பொருள் ரூபா 800, பெட்டி ரூபா 100 எனக் கொள்வோம். முப்பது வீதத் தரகு ரூபா 600 ஆகும். எஞ்சும் ரூபா 500இலேயே வாடகை, கூலி, மின்சாரம் யாவும் அடங்க வேண்டும். அதே உணவை உணவகத்தில் உண்டால் எஞ்சுவது ரூபா 1200. இவ்வேறுபாட்டை அறியாதவர் விற்பனை பெருகப் பெருக நட்டமடைவர். எனவே, தரகு வீதத்தை எழுத்திற் பெறுக. தொலைபேசியிலும் வாட்சப் வழியாகவும் நேரே கட்டளை பெறும் வழியையும் பேணுக.

நான்காவது, எல்லை வகுத்தல். 2013இல் கல்லடிப் புதுப்பாலம் திறக்கப்பட்டது. யப்பானிய அரசின் உதவியால் அமைந்த மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின், முன்னர் ‘பாதை’யிற் காத்திருந்த கொக்கட்டிச்சோலை மக்கள் விரைவிற் கடக்கின்றனர். எனினும், பாலம் உண்டென்பதற்காகச் சுஷியைப் படுவான்கரை எங்கும் அனுப்புதல் தகாது. எல்லையைத் தூரத்தாலன்றி நிமிடத்தால் வகுத்து, மாரிமழைக் காலத்தில் அதனைச் சுருக்குதல் வேண்டும். நிறைவேற்ற இயலாத நேரத்தை வாக்களித்து, கொண்டுசெல்லும் இளைஞனை வீதியில் விரையச் செய்தல் அறமாகாது. அவனும் ஒரு வீட்டின் பிள்ளையே.

இவற்றோடு மாநகர சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையும் பெற்று, அறிமுகமானோர் சிலருக்கு முதலில் அனுப்பிச் சோதித்தபின் பொதுமக்களுக்குத் திறத்தல் நன்று. கட்டளையைப் பொறி ஒரு கணத்திற் கொண்டுவந்துவிடும். வாங்கியவர் உண்டு முடிக்கும்வரை உணவுக்குப் பொறுப்பாளி சமைத்தவரே. இப்பொறுப்பை உணர்ந்து தொழில் செய்வோர் நம் கல்லூரியிலிருந்து தோன்றுவராயின், அவர்தம் உணவு மட்டுநகர் மக்களின் நம்பிக்கையைப் பெறும்.