முதற் காயமே முன்னறிவிப்பு

குழந்தைகளின் உடலில் தோன்றும் காயங்களுள் பெரும்பாலானவை விளையாட்டில் நேர்பவை. நடக்கத் தொடங்கிய பிள்ளை விழும், முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும், நெற்றியில் புடைப்போடு வந்து நிற்கும். இவற்றுக்காக எந்தப் பெற்றோரும் கலங்க வேண்டியதில்லை. ஆயினும், தாராசுரத்திலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வருவோரிடம், சில வேளைகளில், "எப்படி அடிபட்டது? எப்போது? உடன் இருந்தவர் யார்?" என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அக்கேள்விகள் சிலர் மனத்தைப் புண்படுத்துவதை அறிவோம். அவற்றை ஏன் கேட்கிறோம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். வன்முறையால் உயிரிழந்த குழந்தைகள் பலரின் உடலில் அதற்கு முன்பே ஒரு சிறு காயம் இருந்திருக்கிறது. அதை யாரோ ஒருவர் கண்டும் இருக்கிறார். கண்டவர் அதை உரியவரிடம் சொல்லியிருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்கக்கூடும்.

இரு குழந்தைகள்

2012 ஜனவரி 18 அன்று, புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் விபத்துச் சிகிச்சை மையத்திற்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று கொண்டுவரப்பட்டது. ஊடகங்கள் வாயிலாக நாடு முழுவதும் 'ஃபலக்' என்ற பெயரால் அறிந்த குழந்தை அது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது என்று, அழைத்து வந்த பதின்ம வயதுச் சிறுமி கூறினாள். ஆனால் தலையில் கடுங்காயம், முறிந்த கைகள், உடலெங்கும் மனிதப் பற்களின் தடங்கள், கன்னத்தில் சூட்டுக் காயம் ஆகியவை இருந்தன. கட்டிலிலிருந்து விழுந்த குழந்தைக்குப் பற்தடம் எவ்வாறு வரும்? மருத்துவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தனர். பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் குழந்தை பிழைக்கவில்லை. மார்ச் 15 அன்று உயிர் நீத்தது.

விசாரணையில் வெளிவந்தவை இன்னும் துயரமானவை. குழந்தையின் தாய் ஏமாற்றப்பட்டு வேறு மாநிலத்தில் மணம் செய்துவைக்கப்பட்டிருந்தார். தாயிடமிருந்து பிரிந்த குழந்தை கை மாறிக் கை மாறி, இறுதியில் அச்சிறுமியிடம் வந்து சேர்ந்திருந்தது. அச்சிறுமியோ பெரியவர்களின் சுரண்டலுக்குத் தானே இரையானவள். பாதுகாப்பு தேவைப்பட்ட இரு குழந்தைகள் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இருவரையும் பார்த்த பெரியவர்கள் பலர். ஆயினும், குழந்தை மருத்துவமனைக்கு வரும்வரை பாதுகாப்பு அமைப்பு எதுவும் அவர்களை எட்டவில்லை.

அமைப்புகள் வலுவாக உள்ள நாடுகளில் இவ்வாறு நிகழாது என்று எண்ணிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து உறவினர் ஒருவரால் அழைத்துச் செல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி, 2000 பிப்ரவரி 25 அன்று இலண்டனில் தன் 8-ஆம் வயதில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அவள் எவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கப்பட்டவள் அல்லள். சமூக நலத் துறைகள், காவல்துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள் என அனைத்தும் அவளை அறிந்திருந்தன. ஒரு மருத்துவமனையில் அவள் உடலிலிருந்த தடங்கள் சொறி நோயால் வந்தவை என்று கருதப்பட்டன. மறுநாளே அவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். லாமிங் பிரபு தலைமையிலான விசாரணை 2003-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தலையிட்டு அவளைக் காத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது 12 முறை கிட்டியும் தவறவிடப்பட்டன என்று அவ்வறிக்கை கண்டது. இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு முறை மாற்றி அமைக்கப்பட்டதற்கும் 2004-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திற்கும் இவ்விசாரணை வழிகோலியது.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு

இவ்விரு மரணங்களும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. பக்கத்து வீட்டார் அழுகுரலைக் கேட்கிறார். ஆசிரியை கன்னத்துத் தடத்தைப் பார்க்கிறார். அங்கன்வாடிப் பணியாளர் எடை குறைவதைக் கவனிக்கிறார். மருத்துவர் எலும்பு முறிவைக் காண்கிறார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. தனியே பார்க்கையில் எந்தத் துண்டும் பெரிதாகத் தோன்றுவதில்லை. "அது அவர்கள் குடும்ப விவகாரம்", "நமக்கேன் வம்பு", "வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் விலகிக்கொள்ளும்போது, அத்துண்டுகள் ஒன்றுசேர்வதேயில்லை.

பலரும் கண்ட ஆபத்தை எவரும் தடுக்காமற்போனால் என்ன நேரும் என்பதை நம் பகுதி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அங்கு நிகழ்ந்தது அலட்சியம். இங்கு நாம் பேசுவது வன்முறை. இரண்டும் வேறுதான். ஆனால் அந்தக் கீற்றுக்கூரையையும் பலர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர்.

நாங்கள் எதைப் பார்க்கிறோம்

பெரும் காயத்துக்கு முன் வரும் சிறு காயத்தை மருத்துவர்கள் 'காவற் காயம்' என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர். காவலாளி குரல் கொடுப்பதைப் போல, வரவிருக்கும் ஆபத்தை அது அறிவிக்கிறது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வன்முறைக்கு உள்ளானது உறுதிசெய்யப்பட்ட 200 கைக்குழந்தைகளை ஆராய்ந்தது. அவர்களுள் 55 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்கும் மேலாக, முன்னரே அத்தகைய சிறு காயம் ஏற்பட்டிருந்தது. வன்முறைக்கு உள்ளாகாதவர்கள் என்று முடிவுசெய்யப்பட்ட 101 குழந்தைகளுள் ஒருவருக்குக்கூட அவ்வாறான காயம் இருந்ததில்லை.

பின்வரும் குறிகளைக் கண்டால் நாங்கள் கூடுதல் கவனம் கொள்கிறோம்:

• தவழவோ பிடித்துக்கொண்டு நிற்கவோ தொடங்காத குழந்தையின் உடலில் கன்றிப்போன தடம். தானாக நகராத குழந்தை தானாக அடிபட்டுக்கொள்வது அரிது.

• நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் காதிலோ கழுத்திலோ மார்பு, வயிறு, முதுகு ஆகிய பகுதிகளிலோ கன்றல். விளையாட்டில் விழும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னெற்றியிலும்தான் பெரும்பாலும் அடிபடும்.

• மேலுதட்டின் உட்புறத் தசைநாண் கிழிந்திருத்தல்.

• கரண்டி, பீடி, சிகரெட் போன்றவற்றின் வடிவம் தெரியும் சூட்டுக் காயம், கயிறு, பெல்ட் ஆகியவற்றின் தடம், பற்தடம்.

• காயத்துக்குப் பொருந்தாத விளக்கம், ஆளுக்கு ஆள் மாறும் விளக்கம், காரணமின்றித் தாமதித்து அழைத்து வருதல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவமனைக்குச் செல்லுதல்.

இவற்றுள் எதுவும் தனியே குற்றத்தை நிறுவிவிடாது. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே முதுகிலும் இடுப்பிலும் நீலத் திட்டுகள் இருக்கும். அவை அடிபட்ட தடங்கள் அல்ல. இரத்தம் உறைவதில் குறை, எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய், சத்துக் குறைபாடு ஆகியவையும் ஐயத்தை எழுப்பக்கூடும். எனவேதான் உடல் முழுவதும் பார்க்கிறோம். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கிறோம். தேவைப்பட்டால் கண்களின் உட்புறத்தையும் சோதிக்கிறோம். குற்றமற்ற பெற்றோரைக் காப்பதும் இச்சோதனைகள்தாம். உங்கள் குழந்தைக்குப் பிறவித் திட்டு இருப்பின், அதைத் தடுப்பூசி அட்டையில் குறித்துத் தருமாறு எங்களிடம் கேளுங்கள்.

கேளாமல் விட்டால் நேரும் இழப்பு பெரிது. 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வன்முறையால் தலையில் காயமுற்ற 173 இளங்குழந்தைகளுள் 54 பேருக்கு முதல் மருத்துவச் சந்திப்பில் உண்மைக் காரணம் கண்டறியப்படவில்லை. வாந்தி, சோர்வு, எரிச்சல் ஆகியவை வேறு நோயின் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. அவர்களுள் 15 பேர் மீண்டும் தாக்கப்பட்டனர். மருத்துவர்களின் கண்ணுக்கும் தவறும் என்பதால்தான், வீட்டிலுள்ளோர் சொல்லும் உண்மை எங்களுக்கு இன்றியமையாததாகிறது.

தெரிவித்தால் என்ன நடக்கும்

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. ஐயத்துக்குரிய காயத்தைப் பதிவேட்டில் பதிந்து காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. தீர்ப்பு வழங்குவது எங்கள் வேலையன்று.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தைகளின் பாதுகாப்புக்கெனக் குழந்தைகள் நலக் குழு இயங்குகிறது. அதில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை 24 மணி நேரத்துக்குள் இக்குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரித்துவிடுவது ஒன்றே குழுவின் வழியன்று. உரிய கண்காணிப்புடன் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம். தகுதியுள்ள உறவினரிடம் விடலாம். வேறு வழியில்லாதபோது இல்லத்தில் சேர்க்கலாம். அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்குவோருக்கும் வேண்டுமென்றே கவனியாது விடுவோருக்கும் 3 ஆண்டுகள் வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதையும் சட்டம் தடை செய்கிறது. பாலியல் குற்றமாயின், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும்; மறைப்பது தண்டனைக்குரியது.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எவரும், எந்நேரத்திலும், கட்டணமின்றி அழைக்கலாம். உங்களிடம் சான்று இருக்க வேண்டியதில்லை. நியாயமான ஐயம் போதும். உண்மையை ஆராய்வது அதற்கென அமைந்தோரின் பொறுப்பு. ஒருமுறை தெரிவித்தும் குழந்தையின் நிலை மாறவில்லையெனில், மீண்டும் தெரிவியுங்கள். விக்டோரியாவுக்கு 12 வாய்ப்புகள் வீணாயின. பதின்மூன்றாவதாக ஒருவர் விடாமல் கேட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

அழும் குழந்தையும் சோர்ந்த பெற்றோரும்

குழந்தையைத் தாக்குவோர் எங்கிருந்தோ வரும் அந்நியர் என்று எண்ணுகிறோம். 2007-இல் நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு வேறு உண்மையைக் காட்டியது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டபோது, மூவரில் இருவர் உடல்வழி வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களுள் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோரே. அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். உறக்கமின்மை, கடன், குடி, குடும்பச் சண்டை, துணையற்ற தனிமை ஆகியவை ஒரு கணத்தில் கையை ஓங்கச் செய்கின்றன.

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் கூடும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அது உச்சத்தை எட்டும். மூன்று, நான்கு மாதங்களில் தணியும். பால் கொடுத்தும் ஈரத்துணி மாற்றியும் தோளில் சாய்த்தும் அழுகை நிற்காத நேரங்கள் உண்டு. அது உங்கள் வளர்ப்பின் குறையன்று.

அந்நேரத்தில் ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். கைக்குழந்தையின் தலை உடலளவுக்குப் பெரிது, கழுத்தோ வலுவற்றது. குலுக்கும்போது மூளையைச் சூழ்ந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுபட்டு, உள்ளே இரத்தம் கசியும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. சில நொடிகளின் குலுக்கல் பார்வையையோ உயிரையோ பறிக்கக்கூடும்.

பொறுமை எல்லை மீறுவதை உணர்ந்தால், குழந்தையைத் தரையில் விரித்த பாயில் மல்லாந்து படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள். பாட்டியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அழையுங்கள். சில நிமிடங்கள் அழுவதால் குழந்தைக்குத் தீங்கு நேராது. காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், வழக்கத்துக்கு மாறான வீறிடல் ஆகியவை இருப்பின் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வீட்டில் தாயையே அடிப்பவர் இருந்தால், குழந்தைக்கும் ஆபத்து இருப்பதாகவே கொள்ள வேண்டும். பெண்களுக்கான 181 உதவி எண்ணை அழையுங்கள்.

யாரேனும் குழந்தையைக் குலுக்கிவிட்டாலோ அடித்துவிட்டாலோ, அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். "விழுந்துவிட்டது" என்ற சொல்லை நம்பி நாங்கள் வேறு திசையில் தேடும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் மூளைக்கு இழப்பு.

இனி எங்கள் பிரிவில் ஒரு மருத்துவர் உங்களிடம் "எப்படி அடிபட்டது?" என்று இரண்டாம் முறை கேட்டால், சினம் கொள்ளாமல் விடை தாருங்கள். உங்கள் தெருவில் ஒரு குழந்தையின் காயம் உங்கள் மனத்தை உறுத்தினால், அந்த உறுத்தலை அலட்சியம் செய்யாமல் 1098-ஐ அழையுங்கள், அல்லது எங்களிடம் வந்து சொல்லுங்கள். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்ல முடியாத வயதில் உள்ள குழந்தைக்காகப் பெரியவர் ஒருவர்தான் சொல்லியாக வேண்டும்.