மொழியாற் பிரிந்த குடும்பம்

சினுவா அச்சிபி 1958 இல் வெளியிட்ட புதினத்திலே, இக்போ குடியினனாகிய ஒக்கொன்க்வோவை அவன் மகன் நுவோயே விட்டு நீங்குகின்றான். இருவரையும் பிரித்தது புதுச் சமயம். புத்தளம் மாவட்டக் கரையிலும் தலைமுறைகள் பிரிந்தன. ஆயின் காரணம் வேறு. சிலாபத்தை அடுத்துத் தமிழ் வழங்கிய கத்தோலிக்க மீனவரிடையே சமயம் நிலைத்தது, மொழியே மாறிற்று.

20 ஆம் நூற்றாண்டில் அவர்தம் பள்ளிகள் பலவற்றிற் போதனாமொழி தமிழிலிருந்து சிங்களமாயிற்று. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கவே, பிள்ளைகளின் உத்தியோகத்தை எண்ணிய பெற்றோர் அதனையே நாடினர். அவரைப் பழித்தல் எளிது, நியாயமன்று. எனினும் இழப்பு வீட்டினுள்ளே நிகழ்ந்தது. பாட்டி தமிழிற் செபமாலையைத் தொடங்குவாள். பேரன் சிங்களத்தில் முடிப்பான். இறைவனுக்கு இரண்டும் விளங்கும். பாட்டியின் பழங்கதை பேரனுக்கு விளங்காது. இருமொழியும் அறிந்த தாய் இடைநின்று பொருள் உரைப்பாள். அவள் தலைமுறை கழிந்தபின் அவ்வுதவியும் இல்லை.

அதே கரையில் வடக்கேயுள்ள உடப்பு இவ்வழிச் செல்லவில்லை. தமிழ்ப் பள்ளியும் திரௌபதை அம்மன் கோயிலும் அவ்வூருக்கு அரணாயின. ஆடித் தீமிதிப்பைக் காணச் செல்வோர், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலையும் தமிழிலேயே கேட்கலாம்.