ஆற்றில் கிடைக்கும் கடல்

இந்தக் கறுப்புக் கல்லைக் குனிந்து பாருங்கள். உள்ளே சுருண்டோடும் வரிகள் உளி செதுக்கியவை அல்ல. அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடு பதிந்த தடம். நேபாளத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் இமயம் எழும் முன் அங்கே டெதிஸ் கடல் கிடந்தது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோத, கடலடிச் சேறு மலையாக உயர்ந்தது. தவளகிரிக்கும் (8,167 மீட்டர்) அன்னபூர்ணாவுக்கும் (8,091 மீட்டர்) நடுவே பாயும் காளி கண்டகி இக்கற்களை உருட்டி வருகிறது. வைணவர்களுக்கு இவை சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் பாடிய தலமும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான்.

இதே பள்ளத்தாக்கு வழியே, கோவேறு கழுதைகளின் முதுகில், திபெத்து உப்பு தெற்கே இறங்கியது. துக்குச்சே சந்தையில் தக்காலி இன வணிகர்கள் அதைத் தானியத்துக்கு மாற்றினார்கள்.