உடலில் ஓர் அடையாளம், இல்லத்தில் ஓர் உரையாடல்



"பச்சை குத்திக்கொள்வது பாவமா?" என்ற கேள்வி இளையோர் கூட்டங்களிலும், திருமணத் தயாரிப்புப் பயிற்சிகளிலும் அடிக்கடி எழுகின்றது. அண்மைக் காலமாக அதே கேள்வி வேறொரு வடிவில் நம் பங்குகளுக்கு வருகின்றது. "கழுத்தில் டாட்டூ போடப் போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறார், எனக்குப் பிடிக்கவில்லை" என்று மனைவி சொல்கின்றார். "கை முழுக்கப் பச்சையோடு அவள் கோவிலுக்கு வந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று கணவர் கேட்கின்றார். முதல் கேள்விக்குத் திருச்சபையின் படிப்பினையில் விடை தேடலாம். இரண்டாவது கேள்விக்கு அந்தக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் விடை தேட வேண்டும். இன்று இவ்விரண்டையும் பற்றிச் சிந்திப்போம்.

நமக்குப் புதிதல்ல

பச்சை குத்துதல் மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று பலர் நினைக்கின்றோம். நம் பாட்டிமார்களின் முன்கைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஊர் ஊராக வந்த குறவர் சமூகப் பெண்கள், கரியும் இலைச்சாறும் கலந்த மையால், ஊசி கொண்டு கோலமும் புள்ளியும் குத்திவிட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் சிலுவையையும் பெயரையும் குத்திக்கொண்ட மூதாட்டிகள் உண்டு.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. எகிப்து நாட்டின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவையைக் குத்திக்கொள்வது இன்றும் வழக்கம். எருசலேமுக்குத் திருப்பயணம் சென்றவர்கள், சென்றுவந்ததன் அடையாளமாகக் கையில் சிலுவை குத்திக்கொள்வது பல நூற்றாண்டுப் பழக்கம். போஸ்னியாவில் கத்தோலிக்கப் பெண்கள் தங்கள் கைகளில் சிலுவை வடிவங்களைக் குத்திக்கொண்டு, அந்நியர் ஆட்சியிலும் தங்கள் நம்பிக்கையை மறைக்காமல் வாழ்ந்தார்கள்.

திருச்சபை என்ன சொல்கின்றது?

பச்சை குத்துவதற்கு எதிராகத் திருவிவிலியத்திலிருந்து எடுத்துக்காட்டப்படுவது லேவியர் 19:28. இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்வதையும், உடலில் அடையாளம் இட்டுக்கொள்வதையும் அது தடைசெய்கின்றது. அதே அதிகாரம் இருவகை நூலால் நெய்த ஆடையையும் (19:19), தாடியின் ஓரங்களை மழிப்பதையும் (19:27) தடைசெய்கின்றது. இவை சுற்றியிருந்த பிற இனத்தாரின் வழிபாட்டு முறைகளிலிருந்து இஸ்ரயேல் மக்களைப் பிரித்துக் காத்த சட்டங்கள். பழைய உடன்பாட்டின் இத்தகைய சடங்குமுறைச் சட்டங்கள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதே திருச்சபையின் புரிதல். பச்சை குத்துவதைத் தடைசெய்யும் விதி திருச்சபைச் சட்டத்திலும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் இல்லை.

2018 மார்ச் மாதம் உரோமையில், இளையோர் ஆயர் மாமன்றத்துக்கு முன்னோடியாக நடந்த கூட்டத்தில் ஒரு குருமாணவர் இதைப் பற்றியே கேட்டார். அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ், பச்சையைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்றார். நெற்றியில் சிலுவை குத்திக்கொள்ளும் எரித்திரியக் கிறிஸ்தவர்களை நினைவுபடுத்தினார். எதிலும் மிகைப்படுத்தல் உண்டு என்பதையும் சொன்னார். அவர் வலியுறுத்தியது ஒன்றுதான்: அந்தப் பச்சையைப் பற்றிக் கேட்டு ஓர் உரையாடலைத் தொடங்குங்கள், அவர் எதைச் சார்ந்தவர், எதற்கு முதலிடம் தருகிறார் என்பது தெரியவரும். இளையோரோடு பழகும் குருக்களுக்குச் சொன்ன இந்த அறிவுரை, கணவன் மனைவிக்கும் பொருந்தும்.

ஆகவே பச்சை குத்துவது தன்னிலே பாவமன்று. நம்பிக்கையைப் பழிக்கும் படங்கள், ஆபாசம், பகைமையையும் சாதி வெறியையும் தூண்டும் சின்னங்கள் ஆகியவை நமக்குத் தகா. பெருமைக்காகக் குடும்பத்தின் பணத்தைக் கரைப்பதும், உடல்நலத்தைப் பணயம் வைப்பதும் தகா.

யாருடைய உடல்?

"என் உடல், என் விருப்பம்" என்பது ஒருவரின் வாதம். "என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்?" என்பது மற்றவரின் வாதம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (7:4), மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உரிமை உண்டு என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை. கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதே உரிமை உண்டு என்கின்றார். ஆணின் சொல்லே சட்டமாயிருந்த அக்காலத்தில் இந்த இரண்டாம் பாதி எவ்வளவு துணிச்சலானது! அவர் அங்கே பேசுவது தாம்பத்திய உறவைப் பற்றி. பச்சை குத்துவதைப் பற்றி அன்று. ஆயினும் அடுத்த வசனத்தில் அவர் கேட்கின்ற "இருவரின் உடன்பாடு" இல்லறம் முழுவதற்கும் வழிகாட்டுகின்றது.

இந்த வசனத்தைச் சாட்டையாக எடுத்து வீசக்கூடாது. தன் தோளில் சிங்கம் குத்தியிருக்கும் கணவன், மனைவி மணிக்கட்டில் சிறு சிலுவை கேட்டால் மட்டும் "குடும்பப் பெண்ணுக்கு இது தேவையா?" என்பது உடன்பாடு அன்று, அதிகாரம். "என் மேல் உண்மையான அன்பு இருந்தால் என் பெயரைக் குத்திக்கொள்" என்று கேட்பதும் அப்படியே. ஒருவர் மற்றவருக்குச் சொத்து அல்லர். அதேவேளையில், அந்த முகத்தையும் கையையும் நாள்தோறும் பார்த்து வாழப்போகிறவரின் மனத்தைக் கேட்காமலே கடைக்குப் போய்க் குத்திக்கொண்டு வருவதும், திருமண நாளில் நாம் கொடுத்த வாக்குக்கு ஏற்றதன்று.

மைக்குப் பின்னால் இருப்பது

நம்மிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு தம்பதியரைப் பற்றி, அவர்களின் இசைவோடும் அடையாளங்களை மாற்றியும் இங்கே சொல்கின்றோம். இருவரும் சேர்ந்து ஒரு சிறு மளிகைக் கடை நடத்துகின்றார்கள். கல்லாவில் அமர்பவர் மனைவி. வலது முன்கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, ஒரு பெயரைப் பெரிதாகக் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணவருக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை. பல வாரங்கள் வீட்டில் பேச்சே இல்லை. மாமியார் லேவியர் நூலைச் சுட்டிக்காட்டினார். "வியாபாரம் கெட்டுப்போகும், சாமி" என்றார் கணவர்.

அந்தப் பெயர், ஒன்பது நாள்கள் மட்டுமே உயிரோடிருந்த அவர்களின் முதல் குழந்தையின் பெயர். மருத்துவமனையில் அவசரத் திருமுழுக்கின்போது இடப்பட்ட பெயர். "ரெண்டு வருசமா அந்தப் பேரை யாருமே சொல்லலை சாமி. என் கையில இருந்தா நாலு பேர் கேப்பாங்க. எனக்கொரு புள்ள இருந்தான்னு நான் சொல்லுவேன்" என்றார் மனைவி. நெடுநேரம் பேசாதிருந்த கணவர், "அதைத்தான் என்னால தாங்க முடியாது. காசு வாங்குற ஒவ்வொருத்தரும் யார் பேருன்னு கேப்பாங்க. தினம் எத்தனை தடவை நான் அவனைப் புதைக்கிறது?" என்றார். இதைக் கணவர் தம் வாயால் சொன்னது அன்றுதான் முதல் முறை.

அன்பர்களே, வியாபாரமும் லேவியர் நூலும் இந்த வீட்டில் உண்மையான தடைகள் அல்ல. இருவருக்கும் ஒரே துயரம். ஒருவர் அதைப் பேசி ஆற்ற விரும்பினார். மற்றவர் பேசாமல் தாங்க முயன்றார். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்பீர்கள். குழந்தையின் அடுத்த நினைவு நாள் வரை காத்திருப்பது என்றும், அன்று மீண்டும் பேசுவது என்றும் முடிவு செய்தார்கள். குழந்தையின் பெயரில் திருப்பலிக் கருத்து கொடுத்தார்கள். மாலைச் செபமாலையில் அந்தப் பெயரைச் சொல்பவர் இப்போது கணவர். மனைவி தம் ஆசையை விட்டுவிடவில்லை. கணவரும் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது.

பால்குடிக்கும் மகவைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறவேன், உன்னை என் உள்ளங்கைகளில் பொறித்துள்ளேன் என்னும் பொருள்பட ஆண்டவர் பேசுவதை எசாயா 49:15-16-இல் வாசிக்கின்றோம். அந்தக் குழந்தையின் பெயரும் அங்கே இருக்கின்றது. தாயின் கையில் அது எழுதப்படலாம், எழுதப்படாமலும் போகலாம்; இறைவனின் கையிலிருந்து அது அழியாது.

பேசும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, முழுமையாகக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டில் வெளியான 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையின் 136 முதல் 141 வரையிலான எண்கள் கணவன் மனைவி உரையாடலைப் பற்றியவை. துணைவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கவும், பல வேளைகளில் அவருக்குத் தேவை தீர்வு அன்று, கேட்கும் செவியே என்பதை உணரவும் திருத்தந்தை அங்கே அழைக்கின்றார். "வேண்டாம்" என்பதற்கு முன் "ஏன் வேண்டும்?" என்று கேளுங்கள். "போடுவேன்" என்பதற்கு முன் "உங்களுக்கு எது பயம்?" என்று கேளுங்கள்.

இரண்டாவதாக, உண்மை விவரங்களைச் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள். மை தோலின் உள்ளடுக்கில் தங்குவதால் அது அழிவதில்லை. லேசர் முறையில் நீக்க, வார இடைவெளிகளில் பல அமர்வுகள் தேவைப்படும். வலியும் செலவும் உண்டு. சில நிறங்கள் முழுமையாகப் போவதில்லை. சுத்தமற்ற ஊசியாலும், பலருக்குப் பயன்படுத்திய மையாலும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். பச்சை குத்தியபின் இந்திய இரத்த வங்கி விதிகளின்படி 12 மாதங்கள் இரத்த தானம் செய்ய முடியாது. இராணுவ வேலைக்கு முயல்பவர்களுக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சைக்கு அனுமதி உண்டு. பழங்குடியினருக்குத் தனி விலக்கு இருக்கின்றது. வேலை தேடும் கணவரின் கழுத்துப் பச்சையைக் கண்டு மனைவி கவலைப்பட்டால், அது வீண் கவலையன்று.

மூன்றாவதாக, நாள் குறித்துக் காத்திருங்கள். இன்று குத்தாததை அடுத்த ஆண்டு குத்திக்கொள்ளலாம்; இன்று குத்தியதை அடுத்த ஆண்டு எளிதில் நீக்க முடியாது. எனவே விரும்புகிறவர் காத்திருப்பது அன்பின் செயல். ஆனால் காத்திருக்கச் சொல்கிறவர், "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியே காலமெல்லாம் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. ஒரு நாளைக் குறியுங்கள். அந்த நாளில் உண்மையாகவே மீண்டும் பேசுங்கள். வேறு இடம், சிறிய அளவு, வேறு வடிவம் என்று இருவருக்கும் ஏற்ற வழி அதற்குள் புலப்படலாம்.

கருத்து வேறுபாடு நீடித்தால்

எவ்வளவு பேசியும் மனம் ஒன்றுபடாத வீடுகளும் உண்டு. தன் உடலைப் பற்றி ஒருவர் செபித்து, மனச்சான்றின்படி எடுக்கும் முடிவைத் தடுக்க மிரட்டுவதோ, கை ஓங்குவதோ, பிறந்த வீட்டுக்கு அனுப்புவேன் என்பதோ ஒருபோதும் கிறிஸ்தவச் செயலாகாது. அதேபோல், துணைவரின் வேதனையைத் தெரிந்தே ஒளிவுமறைவாகச் செய்துவிட்டு, "ஆனது ஆகிவிட்டது" என்பதும் அன்பன்று. அத்தகைய வீடுகளில் மையைவிட ஆழமாகப் பதிவது அந்த மறைவுதான்.

ஏற்கெனவே குத்தியாகிவிட்டதா? அப்படியானால் அதைச் சொல்லிச் சொல்லி உறவினர் முன் துணைவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். செய்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேட்கட்டும், மற்றவர் மன்னிக்கட்டும். நாம் மணந்தது ஒரு கையையோ கழுத்தையோ அன்று, ஓர் ஆளை.

இந்த வாரம் குடும்பச் செபத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து சிந்திக்கச் சில கேள்விகள்:

நம் வீட்டில் எந்தப் பொருளைப் பற்றிப் பேச்சு நின்றுபோயிருக்கின்றது?

என் துணைவர் "வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் ஏக்கமோ அச்சமோ எனக்குத் தெரியுமா?

எனக்குள்ள உரிமையை நான் கொடுப்பதற்குப் பயன்படுத்துகின்றேனா, தடுப்பதற்கா?

நம் பெயர்களைத் தம் உள்ளங்கையில் பொறித்துள்ள இறைவன், ஒருவரையொருவர் பொறுமையோடு கேட்கும் வரத்தை நம் இல்லங்களுக்குத் தந்து ஆசீர்வதிப்பாராக!