முதலில் வெட்டு, பிறகு வரை

1934இல் ஒரு மாலை. லாஸ் ஏஞ்சலஸின் ஹைப்பீரியன் அவென்யூவில் இருந்த தன் ஸ்டுடியோவில் ஓவியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார் வால்ட் டிஸ்னி. இளவரசி, பொறாமைக்கார ராணி, ஏழு குள்ளர்கள் என எல்லா வேடத்தையும் தானே மாறி மாறி நடித்து, 'ஸ்னோ ஒயிட்' கதையை முழுக்கச் சொல்லி முடித்தார். அனிமேஷன் படம் இப்படி வாய்ச்சொல்லில்தான் பிறக்கிறது.

சொன்ன கதை பிடித்துப்போனால் அது காகிதத்துக்கு வரும். கதைச்சுருக்கம், பாத்திரங்களின் உருவங்கள், படத்தின் நிறமும் தோற்றமும் காட்டும் சில ஓவியங்கள், செலவுக் கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் ஒப்புதலுக்குப் போகும் கோப்பு. இதில் காலை வாருவது பெரும்பாலும் கணக்குதான். ஸ்னோ ஒயிட்டுக்கு 2.5 லட்சம் டாலர் போதும் என்று நினைத்தார் டிஸ்னி. 1937 டிசம்பரில் படம் வெளிவந்தபோது செலவு சுமார் 15 லட்சம் டாலர்.

ஏன் இவ்வளவு? ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து ஒப்பேற்றினாலும் விநாடிக்கு 12 வரைய வேண்டும். நடிகர்களை வைத்து எடுக்கும் சினிமாவில் நாலு விதமாகப் படம்பிடித்து, வேண்டாததை எடிட்டிங்கில் கழிக்கலாம். இங்கே ஒரு நிமிடத்தை வெட்டினால், திரையில் ஒரே பாத்திரம் என்றாலும், 720 ஓவியங்கள் குப்பைக்குப் போகும். அதனால் வெட்டும் வேலையை வரைவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள்.

அதற்கான கருவிதான் ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னியிடம் இருந்த வெப் ஸ்மித் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் தனித்தாளில் கிறுக்கி, பலகையில் வரிசையாகக் குண்டூசி குத்தி வைப்பது. கதைக்காரர் பலகை அருகே நின்று, தாள் தாளாகத் தொட்டு, வசனம் பேசி, சத்தமும் எழுப்பிக் காட்டுவார். சிரிக்க வேண்டிய இடத்தில் அறை அமைதியாக இருந்தால் ஊசியைப் பிடுங்க வேண்டியதுதான்.

பலகையில் தேறியவற்றைத் தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. 1993 நவம்பர் 19 அன்று 'டாய் ஸ்டோரி'யை இப்படித்தான் டிஸ்னி நிறுவன அதிகாரிகளுக்குப் போட்டுக்காட்டியது பிக்ஸார் ஸ்டுடியோ. நாயகன் உட்டி, யாருக்கும் பிடிக்காத சிடுமூஞ்சியாக இருந்தான். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மூன்றே மாதத்தில் கதையைத் திருத்தியெழுதி மறுபடி அனுமதி வாங்கினார்கள். 1995இல் திரைக்கு வந்த உட்டியை உலகமே கொண்டாடியது.

அனிமேஷன் கற்க ஆசைப்படுகிறீர்களா? சாஃப்ட்வேர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரு கட்டுத் தாளும் ஒரு டப்பா குண்டூசியும் முதலில் வாங்குங்கள்.