ஒட்டி நிற்கும் கடவாய்ப் பல்

ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் மதினி வீட்டுத் திண்ணை. டீ டம்ளரை வைத்த கையோடு கேட்டார்: "பசங்க ரெண்டு பேரும் ஒரே பால்கோவாதான் திங்கிறாங்க தம்பி. பெரியவனுக்கு ஒண்ணுமில்ல. சின்னவனுக்கு மட்டும் கடவாய்ப் பல்லு ரெண்டுக்கும் நடுவுல சொத்தை. அது எப்படி?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்காக நான் வாதாட வரவில்லை. கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். பால்பல்லின் எனாமலோ நிலைப்பல்லில் பாதிக் கனம்தான். ஆனால் அமிலம் எங்கே தங்கும் என்பதைப் பல்லின் உருவமும் தீர்மானிக்கிறது.

என் கண்ணாடி டம்ளரையும் அவருடையதையும் ஒட்டி வைத்தேன். உருண்டை என்பதால் ஓரிடத்தில்தான் தொட்டன. இரண்டு தீப்பெட்டிகளைச் சேர்த்தால், பக்கம் முழுக்க அப்பிக்கொண்டன. இரண்டு வாழைப்பழத்தை அடுக்கினால், ஒன்றின் முதுகு மற்றதன் வளைவில் போய் உட்கார்ந்தது.

சென்னையின் எம்.எஸ். முத்து, புதுச்சேரியின் எம். கீர்த்திகா உள்ளிட்ட பல் மருத்துவர்கள் 2018-ல் ஸ்கேன் படங்களைப் பார்த்து, பால் கடவாய்ப் பற்கள் தொடும் விதத்தை நான்காகப் பிரித்தார்கள். இடைவெளி இருந்தால் ஓ, புள்ளியாகத் தொட்டால் எக்ஸ், நேராக ஒட்டினால் ஐ, வளைந்து பொருந்தினால் எஸ். சேர்த்து ஆக்ஸிஸ். அதிகம் காணப்படுவது தீப்பெட்டி ரகம். அதிலும் வாழைப்பழ ரகத்திலும்தான் இடுக்குச் சொத்தைக்கு வாய்ப்புக் கூடுதல். அங்கே பிரஷ் நுழையாது.

நுழைவது நூல். சுற்றிலும் நூற்பாலை வைத்திருக்கும் ராஜபாளையத்துக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! தையல் நூல் அல்ல, மருந்துக்கடையில் கிடைக்கும் ஃப்ளாஸ். பல் இரண்டும் ஒட்டியதும், ராத்திரி ஒரு தடவை பெரியவர்கள்தான் விட்டு எடுக்க வேண்டும்.

"விழப்போற பல்லுதானே?"

முன்பல் ஆறேழு வயதில் விழும். இந்தக் கடவாய்ப் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது, மதினி. சின்னவனுக்கு இப்போது நாலு. சொத்தை விழுந்த குழியை நூல் அடைக்காது, டாக்டர்தான் அடைக்க வேண்டும்.

போன் டார்ச்சில் பெரியவன் வாயைப் பார்த்தோம். கடவாய்ப் பற்களுக்கு நடுவே நல்ல சந்து. சின்னவனுக்கு மயிரிழை இடமில்லை. சொத்தை இல்லாத பக்கத்திலும் அப்படித்தான்.

"அப்ப இந்தப் பக்கத்துக்கு இன்னைக்கே நூலா?" என்று மதினி டார்ச்சை வாங்கிக்கொண்டார்.